ஆயில் கேட்ச் கேன் உங்கள் காருக்கு வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எக்ஸாஸ்ட் மாற்றியாச்சு, ட்யூன் போட்டாச்சு, அடுத்து கேட்ச் கேன் மாட்டிடலாமா?" என்று யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். (ட்யூன் என்பது பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றுவது.) கார் வேறு, ஓட்டுகிற விதம் வேறு, ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தனித்தனியாக எழுதிய பதில்களைச் சேர்த்து, கேள்விகளை மட்டும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் 5-ஆம் கேள்விக்கு நேராகப் போகலாம்.

1. கேட்ச் கேன்னா என்ன ப்ரோ? சும்மா ஒரு டப்பாதானே?

டப்பாதான். ஆனால் அது எந்த வழியில் உட்கார்கிறது என்பதில்தான் விஷயம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தத்தைப் பிஸ்டன் ரிங்குகளால் நூறு சதவீதம் அடைத்து வைக்க முடியாது. சூட்டில் விரிவதற்காக ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் புத்தம் புதிய இன்ஜினிலும் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் தண்டு சுழலும் அடிப்பகுதிக்குள், கசியும். இதைத்தான் பிளோ-பை என்கிறோம். அதில் எரியாத பெட்ரோல், நீராவி, எரிந்த புகை எல்லாம் இருக்கும். கீழே கிராங்க் சுழன்று தெறிக்கிற ஆயில் துளிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கலவை வெளியேறியாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் கசிய ஆரம்பிக்கும். அது கிராங்க்கேஸிலிருந்து இன்டேக்குக்கு (இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் வழிக்கு) போகும் பாதையின் நடுவே ஒரு கேனை வைத்து, வாயுவை விட்டுவிட்டு ஆயிலையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்வதுதான் கேட்ச் கேனின் வேலை.

2. அந்தப் புகையை ஏன் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விடணும்? கீழே ஒரு குழாய் வச்சு வெளியே விட்டா போச்சே.

ஒரு காலத்தில் அப்படித்தான் விட்டார்கள். காருக்கு அடியில் ஒரு குழாய் தொங்கும், ஓடுகிற வேகத்தில் காற்று அதன் வாயைக் கடந்து போகும்போது உள்ளே இருக்கும் ஆவியை இழுத்துவிடும். கார் நின்றால் இழுப்பும் நின்றுவிடும். சாலையெல்லாம் ஆயில், காற்றெல்லாம் எரியாத பெட்ரோல் ஆவி. அதனால்தான் கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து அந்த ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பும் பிசிவி வால்வு வந்தது, அடுத்த சில வருடங்களில் மற்ற இடங்களுக்கும் பரவியது.

இது காற்று மாசுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்டேக்கின் வெற்றிடம் கிராங்க்கேஸிலிருந்து ஈரத்தையும் பெட்ரோல் ஆவியையும் ஓயாமல் இழுத்து எடுப்பதால் ஆயில் சீக்கிரம் கெடாமல் இருக்கிறது. பிசிவி அமைப்பை எதிரியாகப் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

3. தேவைன்னா கம்பெனிக்காரனே போட்டிருக்க மாட்டானா?

நியாயமான கேள்வி. கம்பெனி எதுவுமே வைக்காமல் விடுவதில்லை. பெரும்பாலான இன்ஜின்களில் வால்வு கவருக்குள்ளேயே தடுப்புத் தகடுகளும் ஆயிலைப் பிரித்துக் கீழே விடும் பாதைகளும் இருக்கின்றன. சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு அது போதும்.

ஆனால் அந்த வடிவமைப்பு, பானெட்டைத் திறந்தே பார்க்காத ஒருவரையும் மனதில் வைத்துச் செய்தது. மறக்காமல் காலி செய்ய வேண்டிய ஒரு பாத்திரத்தை லட்சக்கணக்கான கார்களில் வைத்து அனுப்ப எந்தக் கம்பெனியும் துணியாது. நீங்கள் பூஸ்டை (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை) ஏற்றி, அரை மணி நேரம் ரெட்லைன் (இன்ஜின் சுழற்சியின் உச்ச எல்லை) பக்கத்திலேயே ஓட்டும்போது, அவர்கள் போட்ட கணக்குக்கு வெளியே போய்விடுகிறீர்கள். கேனைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

4. போர்ட் இன்ஜெக்ஷன், டைரக்ட் இன்ஜெக்ஷன்னு பேசுறாங்க. அதுக்கும் கேட்ச் கேனுக்கும் என்ன சம்பந்தம்?

போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கப்படுகிறது. பெட்ரோலும் அதில் இருக்கும் டிடர்ஜென்ட்டும் வால்வை ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. வால்வைத் தொடுவது காற்றும், அதோடு வரும் ஆயில் ஆவியும் மட்டும்தான். சூடான வால்வில் ஆயில் பட்டுக் காய்ந்து, அடுக்கடுக்காகக் கரியாகப் படிகிறது. பி7 தலைமுறை ஆடி ஆர்எஸ்4-இன் 4.2 லிட்டர் வி8, பிஎம்டபிள்யூ என்54 போன்ற இன்ஜின்கள் இந்தக் கரிக்குப் பெயர் போனவை.

பிறகு இரண்டையும் சேர்த்து வைத்த இன்ஜின்கள் வந்தன. டொயோட்டாவின் டி-4எஸ் அப்படிப்பட்டது. 2018 மாடலிலிருந்து ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி8-உம் அப்படித்தான். உங்கள் கார் இதில் எந்த வகை என்று தெரியாமல் கேட்ச் கேன் பற்றிப் பேசுவதில் பயனில்லை, முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. சரி, என் காருக்கு வேணுமா வேணாமா? நேரா சொல்லுங்க.

காரின் பெயரைக் கேட்டு இதற்குப் பதில் சொல்ல நான் தயாராக இல்லை. அரை மணி நேரம் ஒதுக்கி நீங்களே பாருங்கள். இன்ஜின் ஆறியதும் த்ராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளவாக விடும் பகுதிக்கு) வரும் குழாயைக் கழற்றி, உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான பிசுக்கு இருந்தால் அது எல்லா இன்ஜினிலும் இருப்பதுதான். சொட்டாகத் தேங்கி நின்றால் யோசிக்க வேண்டும். டர்போ கார் என்றால் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) குழாயின் மிகத் தாழ்வான இடத்தைக் கழற்றிப் பாருங்கள், ஆயில் போய்ச் சேருவது அங்கேதான். இதோடு, ஒவ்வொரு 1000 கிமீக்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

மீதிப் பாதிக்கு என் கணக்கு இது. போர்ட் இன்ஜெக்ஷன், டர்போ இல்லை, சாலையில் மட்டும் ஓடுகிறது என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன், டர்போ, ட்யூனும் போட்டாயிற்று என்றால் போடுங்கள், தயங்க வேண்டியதில்லை. டிராக்கில் அடிக்கடி ஓடுகிற கார் என்றால் எந்த வகை இன்ஜினாக இருந்தாலும் போடுங்கள், காரணம் 16-ஆம் கேள்வியில் இருக்கிறது.

நடுவில் மாட்டிக்கொள்வது ட்யூன் எதுவும் இல்லாமல் தினசரி ஓடும் டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்தான். அங்கே துணிச் சோதனை சொல்வதைக் கேளுங்கள். துணி ஏறக்குறைய சுத்தமாக வந்தால் விட்டுவிடலாம். நனைந்து வந்தால், கேன் வாங்குவதற்கு முன் 8-ஆம் கேள்வியில் சொல்லியிருக்கும் பிசிவி சோதனையை முதலில் செய்யுங்கள்.

6. கேன் போட்டா பவர் கூடுமா?

கூடாது. குறையாமல் இருக்க உதவலாம், அவ்வளவுதான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இன்ஜின் ஆயிலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) மிகவும் குறைவு. எரிகிற கலவையில் ஆயில் ஆவி சேரும்போது நாக் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது, நாக் சென்சார் அதைப் பிடித்ததும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறது. அதிக பூஸ்டில் விளிம்பு வரை ட்யூன் செய்த காரில் இந்த வித்தியாசம் டேட்டா லாக்கில் தெரியும். சாதாரண காரில் தெரியாது.

7. டர்போ காருக்கு மட்டும் ஏன் ரெண்டு கேன் சொல்றாங்க? விக்கிறதுக்கா?

இல்லை, உண்மையிலேயே காரணம் இருக்கிறது. கிராங்க்கேஸிலிருந்து ஆவி வெளியே போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய்த் தொகுதிக்கு). மற்றது, வால்வு கவரிலிருந்து டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்கு. மெதுவாக ஓட்டும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், ஆவி முதல் வழியில் போகும், இரண்டாவது வழியில் சுத்தமான காற்று உள்ளே வரும். பூஸ்ட் ஏறியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடுவதால் பிசிவி பக்கம் மூடிக்கொள்கிறது. அப்போது ஆவி முழுக்க இரண்டாவது வழியில் திரும்பி ஓடுகிறது, டர்போவின் உறிஞ்சல் அதை இழுத்துக்கொள்கிறது, அங்கிருந்து கம்ப்ரஸர், இன்டர்கூலர் என்று எல்லா இடத்திலும் ஆயில் பூசிக்கொண்டே போகிறது.

என் காரில் முதலில் பிசிவி பக்கம் மட்டும்தான் கேன் போட்டிருந்தேன். கேனில் ஆயில் சேர்ந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் முழுக்க டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் அடியில் ஆயில் குளம் போல் நிற்கிறது. நான் அழுத்தி ஓட்டிய நேரம் முழுக்க ஆவி கேன் இல்லாத வழியில் போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தனித்தனியாக இரண்டு கேன்கள் வைக்கலாம், அல்லது இரண்டு வழிகளையும் ஒரே கேனில் சேர்த்து செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) வைத்த அமைப்பும் வாங்கலாம். டிராக் காரில் ஒன்றுதான் முடியும் என்றால் டர்போவுக்குப் போகும் பக்கத்தில் வையுங்கள். வால்வில் கரி படிவதுதான் உங்கள் கவலை, பெரும்பாலும் நகர ஓட்டம்தான் என்றால் பிசிவி பக்கம்.

8. ஆயில் குறையுது, சைலன்சர்ல நீலப் புகையும் வருது. கேட்ச் கேன் போட்டா நின்னுடுமா?

தயவுசெய்து இதற்காகக் கேன் வாங்காதீர்கள். நீலப் புகைக்குத் தேய்ந்த ரிங், காய்ந்துபோன வால்வு ஸ்டெம் சீல், டர்போவின் சீல், கிழிந்த பிசிவி டயாஃப்ரம் (அதற்குள் இருக்கும் சவ்வு) என்று பல காரணங்கள் இருக்கலாம். இதில் கடைசி ஒன்றுதான் மலிவு, அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

இன்ஜின் சூடானதும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பாருங்கள். மெதுவாக உள்ளே இழுத்துப் பிடித்தால் நல்லது. வெளியே தள்ளினால் பிசிவி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் பிளோ-பை மிக அதிகம். மூடியையே திறக்க முடியாத அளவுக்கு இழுத்தாலோ, விசில் சத்தம் வந்தாலோ டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். டயாஃப்ரம் கிழிந்த இன்ஜினில் கேன் போட்டால் கேன் சீக்கிரம் நிறையும், நோய் அப்படியே இருக்கும்.

9. நண்பர் ஒருத்தர் கேன்ல வாரத்துக்கு ஒரு கப் ஆயில் வருது, சூப்பரா வேலை செய்யுதுன்னு சொல்றார். நிறைய வந்தா நல்லதுதானே?

கேன் நன்றாக வேலை செய்கிறது, உண்மைதான். இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சாலையில் ஓடும் காரில் அவ்வளவு வந்தால் அவர் உடனே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா. அதிகம் இருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாகவும் துளியாகவும் ஆக்கிவிடும். இரண்டாவது, லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டு எத்தனை சதவீதம் கசிகிறது என்று அளப்பது. கம்ப்ரஷன் சோதனையைவிட இது தெளிவாகச் சொல்லும், ஏனென்றால் காற்று எந்த வழியில் போகிறது என்று காதாலேயே கேட்கலாம்: ஆயில் மூடி வழியாகச் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் வந்தால் இன்டேக் வால்வு. பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின், 20-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்.

10. கேனுக்குள்ள பால் மாதிரி வெள்ளையா இருக்கு! ஹெட் கேஸ்கெட் போச்சா?

பெரும்பாலும் இல்லை, பதற வேண்டாம். (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல், அது போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கலாம்.) ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு பிளோ-பையோடு கீழே வருகிறது. இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடும் சின்னச் சின்ன ஓட்டங்களில் அந்த ஈரம் வெளியேறாமல் தங்கி, கேனில் குளிர்ந்து, ஆயிலோடு கலந்து வெள்ளையாகிறது. இ85 (பெரும்பங்கு எத்தனால் கலந்த எரிபொருள்) ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஆனாலும் பார்த்துவிடுங்கள். கூலன்ட் அளவு இறங்குகிறதா? டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலும் வெள்ளையாக இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது வெறும் ஈரம்தான். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் காரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

11. கேன்ல சேர்ற ஆயிலைத் திரும்ப இன்ஜின்ல ஊத்தலாமா? நல்ல ஆயில்தானே?

கூடாது. அதில் தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் இருக்கின்றன. பழைய ஆயிலோடு சேர்த்து அதே முறையில் அப்புறப்படுத்துங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள்.

12. மலிவான கேனும் விலை கூடினதும் வெளியே ஒரே மாதிரி இருக்கு. என்னதான் வித்தியாசம்?

வித்தியாசம் முழுக்க உள்ளே. மூடியைத் திறந்து பார்த்து உள்ளே காலியாக இருந்தால் அது கேட்ச் கேன் இல்லை, அலுமினிய பாட்டில். ஆவி ஒரு துளை வழியாக வந்து மறு துளை வழியாக அப்படியே போய்விடும். கொஞ்சம் பெரிய துளிகள் மட்டும் விழும், மூடுபனி போன்ற நுண்ணிய துளிகள் தப்பிவிடும். நல்ல கேனில் உள்ளே வருகிற ஆவி முதலில் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும், அப்புறம் ஸ்டீல் வலையோ அது போன்ற நெருக்கமான ஒரு அடுக்கோ வழியாக மேலே ஏற வேண்டும், விழுந்த ஆயில் திரும்ப உறிஞ்சப்படாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்புத் தகடு வேண்டும். கீழே வடிகால், அளவு பார்க்க ஏதாவது ஒரு வழி, இவையும் இருந்தால் நல்லது.

காலி கேனுக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த நார் துருப்பிடிக்கும், உதிரும், உதிர்ந்த இழை நேராக இன்டேக்குக்குள்தான் போகும். அதை வைப்பதைவிடக் கேனே இல்லாமல் ஓட்டுவது இன்ஜினுக்குப் பாதுகாப்பு.

13. ஹோஸ் எதுவா இருந்தா என்ன? வீட்ல சிலிகான் ஹோஸ் கிடக்கு.

கேனைவிட ஹோஸில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். சாதாரண சிலிகான் ஹோஸ் ஆயில் ஆவியைத் தாங்காது. சில மாதங்களில் வெளிப்பக்கம் வியர்த்தது போல் பிசுபிசுக்கும், பிறகு மென்மையாகி, வெற்றிடத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ஆயிலுக்கென்று செய்த நைட்ரைல் ஹோஸ் அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்பூச்சு உள்ள ஹோஸ் வாங்குங்கள்.

உள் விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக் கூடாது. வழியில் தொங்கலாக ஒரு வளைவு விட்டால் ஆயில் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும், அதனால் இன்ஜினிலிருந்து கேன் வரை ஒரே சரிவாகப் போகட்டும்.

14. எங்கே மாட்டுறது நல்லது? குளிர் ஊர்ல கேன் உறைஞ்சு போகும்னு வேற பயமுறுத்துறாங்க.

ஆவி குளிர்ந்தால்தான் திரவமாகும். அதனால் டர்போ, எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். இன்ஜின் மேலேயே மாட்டினால் அதிர்விலும் சூட்டிலும் கேன் செய்கிற வேலை குறையும். கையெட்டும் இடமாகவும் இருக்கட்டும், எட்டாத கேனை யாரும் காலி செய்வதில்லை.

உறைவது பற்றிய பயம் உண்மையானது. 10-ஆம் கேள்வியில் சொன்ன தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இரவில் கேனிலோ ஹோஸிலோ கட்டியாகிவிட்டால் இன்ஜின் மூச்சு விட வழி இருக்காது. உள்ளே அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக் மேலே எழும்பும், அதற்கும் மேலே போனால் கிராங்கின் பின் சீல் கசியும். பின் சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இப்படிப்பட்ட குளிரில் ஓட்டுகிறவர்கள் பருவம் தொடங்குவதற்கு முன் கேனைக் கழற்றிவிட்டுப் பழைய ஹோஸை மாட்டிவிடலாம், அல்லது வாரத்துக்கு இரண்டு முறை காலி செய்ய வேண்டும். மறந்துவிடுவேன் என்று தோன்றினால் கழற்றிவிடுங்கள்.

15. மேலே ஃபில்டர் வச்சு வெளியே விடுற கேனா, திரும்ப இன்டேக்குக்கே போற கேனா?

சாலையில் ஓடும் கார் என்றால் திரும்ப இன்டேக்குக்குப் போவதுதான். வெளியே விடுவது பல நாடுகளில் மாசுச் சட்டத்துக்கு எதிரானது. அதோடு 2-ஆம் கேள்வியில் சொன்ன வெற்றிட இழுப்பும் போய்விடும், சிக்னலில் நின்றால் ஆயில் வாடை காருக்குள் வரும். மேனிஃபோல்டில் ஹோஸ் இருந்த துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால் அளக்கப்படாத காற்று உள்ளே போய் ஐடில் தடுமாறும். "கேன் போட்டதிலிருந்து ஐடில் சரியில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தத் துளையைத்தான்.

பந்தயத்துக்கு மட்டுமான கார் வேறு. அங்கே இன்டேக்குக்குள் ஒரு சொட்டு ஆயிலும் போகக் கூடாது என்பதே நோக்கம். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் இணைப்பு 'ஜே' விதிகளில் திறந்த பிரீதர் (கிராங்க்கேஸ் ஆவியை வெளியே விடும் வழி) வைத்த காருக்கு கேட்ச் டேங்க் கட்டாயம்: 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். டிராக்கில் ஒருவர் சிந்தும் ஆயில் பின்னால் வருகிறவரின் உயிருக்கே ஆபத்து, அதற்காகத்தான் இந்த விதி.

16. ரோட்ல ஒண்ணும் வரல, டிராக்ல மட்டும் கேன் நிறையுது. இன்ஜின் போச்சா?

இன்ஜின் நன்றாகவே இருக்கலாம். நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஹெட்டிலிருந்து (வால்வுகள் இருக்கும் மேல் பகுதியிலிருந்து) கீழே இறங்க முடியாமல் தேங்குகிறது. அதே நேரத்தில் அதிக ஆர்பிஎம்மில் பம்ப் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தேங்கிய ஆயில் பிரீதர் துளையைத் தொட்டதும் ஆவியாக இல்லை, திரவமாகவே வெளியே தள்ளப்படுகிறது. சுபாருவின் பாக்ஸர் இன்ஜினில் ஹெட்டுகள் இரண்டு பக்கமும் படுத்த நிலையில் இருப்பதால் இது இன்னும் எளிதாக நடக்கும்.

கேன் இங்கே இன்டேக்கைக் காப்பாற்றுகிறது, ஆனால் சம்ப்பில் (இன்ஜினின் ஆயில் தொட்டியில்) ஆயில் குறைகிறதே! அதைக் கேன் பார்த்துக்கொள்ளாது. ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பாஃபிள் (தடுப்புத் தகடு) வைத்த சம்ப் போடுங்கள், பிரீதர் துளைகளுக்கு உள்ளே தடுப்பு வைக்க முடியுமா என்று பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப்தான், அது தனிக் கதை. டிராக் காருக்குச் சின்ன கேன் வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். இருபது நிமிடத்தில் நிறைந்துவிட்ட கேன் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் அப்படியே இன்டேக்குக்கு அனுப்பிவிடும்.

17. ஏர் ஆயில் செப்பரேட்டர்னு ஒண்ணு விக்கிறாங்களே, அது கேட்ச் கேன்தானா?

வேலை ஒன்று, முடிவு வேறு. செப்பரேட்டர் பிரித்த ஆயிலைச் சேர்த்து வைக்காமல் திரும்ப இன்ஜினுக்கே விடும். 11-ஆம் கேள்வியில் ஊற்றக் கூடாது என்று சொன்னேனே, அந்தப் பிரச்சினையைத் தவிர்க்கத்தான் நல்ல செப்பரேட்டர்களில் கூலன்ட் ஓட்டி உடலைச் சூடாக வைக்கிறார்கள். சூட்டில் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகவே போய்விடும், ஆயில் மட்டும் இறங்கும். காலி செய்யும் வேலை இல்லை, குளிரில் உறைவதும் குறைவு. 16-ஆம் கேள்வியில் சொன்ன தேங்கும் ஆயிலையும் திரும்பக் கொடுத்துவிடுவதால் சுபாருக்காரர்கள் இதை அதிகம் விரும்புகிறார்கள். குழாய்கள் அதிகம், மாட்டுவது சிரமம். கூலன்ட் இணைப்பு இல்லாத செப்பரேட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

18. நல்ல ஆயில் போட்டாலே கேட்ச் கேன் வேண்டாம்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு. உண்மையா?

பாதி உண்மை. ஆயில் சூட்டில் எவ்வளவு ஆவியாகிறது என்பதை நோவாக் சோதனையில் அளக்கிறார்கள்: 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். ஆயில் தரங்களில் ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 தரம் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது, ஏசிஇஏ சி3 தரம் 13 வரை. அதைவிடக் குறைவான ஆயில்களும் கிடைக்கின்றன. கம்பெனி சொன்ன தரத்துக்குள் நோவாக் குறைவானதைத் தேர்ந்தெடுத்துச் சரியான நேரத்தில் மாற்றினால் கேனுக்கு வருவது குறையும். ஆனால் கிராங்க் தெறிக்கும் துளிகளை எந்த ஆயிலும் நிறுத்தாது. சாதாரண ஓட்டத்துக்கு அவர் சொல்வது போதும், டிராக்குக்குப் போதாது.

19. ஏற்கெனவே 80,000 கிமீ ஓடின டைரக்ட் இன்ஜெக்ஷன் கார். இப்போ கேன் போட்டு என்ன பிரயோஜனம்?

படிந்த கரியைக் கேன் எடுக்காது, டேங்கில் ஊற்றும் கிளீனரும் எடுக்காது, பெட்ரோல்தான் வால்வைத் தொடுவதே இல்லையே. முதலில் போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் சின்ன கேமரா) விட்டு வால்வைப் பாருங்கள். கரி தடிமனாக இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வு மூடியிருக்கும் நிலையில் வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றால் அடித்துச் சுத்தம் செய்வார்கள். அதைச் செய்த கையோடு கேன் போட்டால் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் கரி முழுக்க நிற்காது, ஏனென்றால் வால்வு தண்டு வழியாக இறங்கும் ஆயிலும், வால்வு ஓவர்லாப்பில் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணத்தில்) திரும்பி வரும் எக்ஸாஸ்ட் புகையும் கேன் வழியாகப் போவதில்லை. அடுத்த சுத்தம் தள்ளிப்போகும் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

20. ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு இன்ஜின் கட்டியாச்சு, பூஸ்டும் டபுள். பழைய கேனே போதுமா?

பெரும்பாலும் போதாது. ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் பயன்படும் 2618 என்ற அலுமினிய அலாய் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சிலிண்டரில் இடைவெளி கூடுதலாக விடுவார்கள், அதிக பூஸ்டுக்காக ரிங் முனை இடைவெளியும் கூட்டுவார்கள். இரண்டுமே பிளோ-பையைக் கூட்டும், குறிப்பாக இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. இங்கே கேனின் கொள்ளளவைவிட ஹோஸின் விட்டமும் வால்வு கவரில் இருக்கும் துளையின் விட்டமும்தான் முக்கியம். ஊகம் வேண்டாம், கிராங்க்கேஸில் ஒரு பிரஷர் சென்சார் வைத்து முழு பூஸ்டில் லாக் எடுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தமும் ஏறிக்கொண்டே போனால் மூச்சு விட இடம் போதவில்லை, துளைகளைப் பெரிதாக்க வேண்டும்.

21. போட்டாச்சு. எப்பப்போ காலி பண்ணணும்?

முதல் முறை 500 கிமீயில் திறந்து பாருங்கள். வந்த அளவைப் பார்த்து, கேன் பாதிக்கு மேல் நிறையாதபடி உங்கள் இடைவெளியை நீங்களே முடிவு செய்யுங்கள். டிராக் நாளில் ஒவ்வொரு செஷனுக்கும் பாருங்கள். எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்தால், ஒரு மாதம் திடீரென்று இரண்டு மடங்கு வரும்போது இன்ஜினில் ஏதோ மாறிவிட்டது என்று உடனே தெரியும். கேனால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இந்தக் குறிப்புதான்.

22. ஆறு மாசமாச்சு, கேன்ல ஒரு ஸ்பூன்தான் இருக்கு. ஏமாந்துட்டேனா?

முதலில் ஹோஸ் சரியாக இருக்கிறதா பாருங்கள். உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் மாறியிருந்தாலும், கேனுக்குள் வலையும் தடுப்புத் தகடும் இல்லாமல் இருந்தாலும், டர்போ காரில் தவறான வழியில் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அப்புறம் கேனுக்குப் பிறகு வரும் ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடையுங்கள். அங்கே ஆயில் நனைந்திருந்தால் கேன் பிடிக்கவில்லை.

அங்கேயும் காய்ந்திருந்தால் உங்கள் இன்ஜினிலிருந்து ஆயில் வரவே இல்லை, நல்ல செய்திதான். கேனைக் கழற்றி விற்றுவிடலாம். கம்பெனி ஹோஸைத் திரும்ப மாட்டும்போது கிளிப்புகளைப் புதிதாகப் போடுங்கள், ஐடிலில் ஒருமுறை காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.